நொய்யற் கரையின் நீர்மரபும் குடமுழுக்கு நெறியும்

கொங்குநாட்டுத் திருக்கோயில்கள் பலவும் ஆற்றங்கரைகளிலும் குளக்கரைகளிலுமே எழுந்துள்ளன. தேவாரப் பாடல் பெற்ற கொங்கேழ் தலங்களுள் திருநணா எனப்படும் பவானியும் திருப்பாண்டிக்கொடுமுடியும் காவிரிக் கரையின. கருவூர்த் திருவானிலை ஆன்பொருநைக் கரையினது. திருவெஞ்சமாக்கூடல் குடகனாற்றின் கரையினது. திருப்புக்கொளியூராகிய அவிநாசியிலோ, முதலை உண்ட பாலகனைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் மீட்டருளிய அற்புதமே ஒரு குளக்கரையில் நிகழ்ந்ததென்பது மரபு. கோயில் எடுத்த நம் முன்னோர் அதனோடு நீர்நிலையையும் எடுத்தனர். கோயிலுக்கு நிவந்தம் வைத்தவர் குளத்திற்கும் நிலம் விட்டனர். இவ்விரு திருப்பணிகளையும் வேறுவேறாக எண்ணும் வழக்கம் மிகப் பிற்காலத்தது.

திருக்குடமுழுக்கு என்பதே நீரால் நிகழும் பெருவிழாவாகும். ஆதலின், இம்மலரைக் கையிலேந்தும் அன்பர்களுக்கு நீரைப் பற்றிச் சில சொல்லுதல் பொருந்தாத செயலன்று. ஓர் ஊரைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் கண்ணுக்குத் தோன்றாதவை. வாய்க்காலும் மதகும், நிலத்தடியிற் புதைத்த குழாயும், தொலைவிலிருந்து வரும் மின்கம்பியும் ஒழுங்காகத் தொழில் செய்யும்வரை அவற்றை நினைப்பார் இலர். பஞ்சமோ வெள்ளமோ நேர்ந்து அவை நின்றுவிட்ட அன்றுதான் அவற்றின் அருமை புலனாகும். அத்தகைய இடர்க்காலங்களில் நொய்யற் கரையின் நீர்ப்பணிகள் எவ்வாறு நிலைத்தன, எங்கே தளர்ந்தன, தளர்ந்தபின் எவ்வாறு எழுந்தன என்பதனை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காஞ்சிமாநதியும் குளத்தொடரும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளியங்கிரிச் சாரலில் தோன்றி, பேரூர், கோயம்புத்தூர், சூலூர், திருப்பூர் ஆகிய ஊர்களின் வழியே கிழக்கு நோக்கி ஓடி, கரூர் மாவட்டத்து நொய்யல் என்னும் ஊரருகே காவிரியொடு கலக்கும் ஆறே நொய்யலாகும். இதன் நீளம் ஏறத்தாழ 180 கிலோமீட்டர். பழைய நூல்கள் இதனைக் காஞ்சிமாநதி எனப் போற்றும். பெயர் பெரிதாயினும் இதன் ஒழுக்கு சிறிது. மலையில் மழை பெய்யுங்கால் பொங்கி வருவதும், பின்னர் மாதக்கணக்கில் மணலாய்க் கிடப்பதும் இதன் இயல்பு. மலைக்குக் கிழக்கே மழைமறைவில் அமைந்த திருப்பூர் வட்டாரத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் அளவினதே.

சில நாள் வெள்ளமாய் வருவதனைப் பல மாதத்துக்குரிய நீராக ஆக்குவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு நம் முன்னோர் கண்ட விடை ஒரே பேரணையன்று. ஆற்றின் குறுக்கே உயரம் குறைந்த அணைக்கட்டுகள் இருபதுக்கு மேல். அவற்றினின்று பிரியும் இராசவாய்க்கால்கள். அவ்வாய்க்கால்கள் நிரப்பும் குளங்கள் முப்பதுக்கு மேல். சித்திரைச்சாவடி அணை, குனியமுத்தூர் அணை, குறிச்சி அணை, வெள்ளலூர் அணை என மேலிருந்து கீழாக இவை தொடரும். உக்கடம் பெரியகுளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர்க் குளம், சூலூர்க் குளங்கள், சாமளாபுரம் குளம், ஆண்டிபாளையம் குளம், மண்ணரைக் குளம், கத்தாங்கண்ணிக் குளம் முதலியன இத்தொடரின் மணிகள்.

இவ்வமைப்பின் நுட்பம் கருதத்தக்கது. வெள்ளம் வருங்கால் அணைக்கட்டு அதனைத் தடுத்து நிறுத்த முயலாது; வேண்டிய பங்கை வாய்க்காலில் திருப்பிவிட்டு, எஞ்சியதைத் தன் தலைமேல் வழிந்தோட விடும். குளம் நிரம்பினால் கலிங்கின் வழியே மிகுநீர் அடுத்த குளத்திற்கோ மீண்டும் ஆற்றிற்கோ செல்லும். ஒரு குளத்தின் கரை உடைந்தாலும் ஏனைய குளங்கள் நிற்கும். உடைந்ததை அடைக்க வேண்டிய மண்ணும் கல்லும் ஆளும் அவ்வூரிலேயே உண்டு. திருமடத்தில் யாம் பாடங்கேட்ட காலத்தில், குளத்திற்கு உறுதி தருவது எது என்று ஆசிரியர் வினவினார். கரை என்றனர் சிலர். மதகு என்றனர் சிலர். அவர் கலிங்கு என்று விடை கூறினார். கொள்ளுமளவு கொண்டு மிகுந்ததைக் கொடுத்துவிடும் வழி இல்லாத குளம் முதல் வெள்ளத்திலேயே உடையும் என்பது அவர் தந்த விளக்கம். செல்வத்திற்கும் அது பொருந்தும் என்று அவர் சொல்லாமலே விட்டார்; மாணாக்கர் உணர்ந்துகொண்டனர்.

மேலணைக்குக் கேடின்றிக் கீழணை

இத்துணைக் குளங்கள் ஒரே ஆற்றை நம்பியிருந்தால் பூசல் எழாதோ எனின், எழும். அதனைத் தீர்க்கும் முறையும் அன்றே இருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் கொங்கு நாட்டை ஆண்ட வீரராசேந்திரன் காலத்துப் பேரூர்க் கல்வெட்டொன்று, தேவிசிறை என்னும் அணையைக் கட்டிக்கொள்ள இசைவளித்தமையைக் கூறுகின்றது. முன்னரே உள்ள அணையின் நீர்வரத்துக்குக் குறைவு நேராதபடி புதிய அணை அமைதல் வேண்டும் என்பது அதன் கருத்து. புதிதாக ஒன்று செய்வோர் பழைய உரிமைக்கு ஊறு செய்யலாகாது என்னும் இவ்வறம், கோயிற் சுவரிலே கல்லில் வெட்டப்பட்டது. அரசு மாறினும் அவ்வெழுத்து மாறாது நிற்க வேண்டும் என்பதே அதன் கருத்தாதல் வேண்டும்.

அதே நூற்றாண்டைச் சார்ந்ததாக மரபு கூறும் காலிங்கராயன் வாய்க்காலும் ஈண்டு நினைக்கத்தக்கது. பவானியாறு காவிரியொடு கூடும் இடத்திற்கு அருகே அணை கோலி, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவு வளைந்து வளைந்து சென்று, கொடுமுடிப் பக்கத்தில் நொய்யலை எட்டும் அவ்வாய்க்கால் இன்றும் வயல்களை ஊட்டி வருகின்றது. எழுநூறு ஆண்டுகளில் அரசுகள் பல தோன்றி மறைந்தன. போர்களும் பஞ்சங்களும் வந்தன. வாய்க்கால் நின்றது. ஆண்டுதோறும் தூர் வாரி, கரை கட்டி, மதகு செப்பனிட்டு வந்த கைகள் ஓயாமையே அது நின்றமைக்குக் காரணம்.

தொண்டை நாட்டு உத்தரமேரூரில் 919, 921 ஆகிய ஆண்டுகளின் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்னும் குழுவைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. பிற்காலத்தில் குடிமராமத்து என வழங்கிய முறையும் இதன் வழித்தோன்றலே. வீட்டுக்கு ஓராள் வந்து குளத்தைப் பேணுதல் கடமை எனக் கருதப்பட்டது. 1858-இல் ஆங்கில அரசு இதனைக் கட்டாயமாக்கிச் சட்டம் ஒன்று இயற்றியது. வழக்கமாய் நிகழ்ந்ததற்குச் சட்டம் வேண்டியதாயிற்று என்பதே அவ்வழக்கம் தளரத் தொடங்கிவிட்டது என்பதற்குச் சான்றாகும்.

பஞ்சமும் வெள்ளமும்

பழைமையைப் போற்றும் ஆர்வத்தால் உண்மையை மறைத்தல் தகாது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் கோயம்புத்தூர் மாவட்டமும் பெருந்துயருற்றது. மழை தொடர்ந்து பொய்க்கும்போது குளங்களும் வறண்டுபோகும், இதனை மறுப்பதற்கில்லை. ஈரோட்டிலிருந்து போத்தனூர்வரை புகைவண்டிப் பாதை 1862-இலேயே அமைந்திருந்தது. ஆயினும் தானியத்தின் விலை ஏறிவிட்டமையால், அதனை வாங்கும் ஆற்றல் இல்லாத எளியோர் பசியால் மாண்டனர். பாதை இருந்தது, வண்டியும் ஓடிற்று, கடைசி மனிதன் கைக்கு உணவு எட்டவில்லை. ஆகவே ஓர் அமைப்பு இடையறாது இயங்குதல் மட்டும் போதாது. இடர்க்காலத்தில் அது யாருக்குப் பயன்படுகின்றது என்பதும் உடன் எண்ணப்படல் வேண்டும்.

வெள்ளத்தால் நேர்ந்த அழிவுக்குத் திருவெஞ்சமாக்கூடல் சான்றாகும். 1977-இல் மேலே இருந்த அணை உடைந்து குடகனாற்றில் வந்த பெருவெள்ளம் அத்திருக்கோயிலைச் சிதைத்தது. பாடல் பெற்ற தலம் கற்குவியலாய்க் கிடந்தது. ஆயினும் அன்பர்கள் சிதறிய கற்களைத் திரட்டி, திருப்பணி முற்றுவித்து, 1986-இல் குடமுழுக்குச் செய்தனர். கல் சிதறியபோதும் அக்கல்லை மீண்டும் அடுக்கும் சிற்ப அறிவு சிதறவில்லை. தேவாரப் பதிகம் மறக்கப்படவில்லை. வழிபட்ட மக்கள் ஊரை விட்டு அகலவில்லை. இம்மூன்றும் எஞ்சியமையால் கோயில் மீண்டது. இவற்றுள் ஒன்று குறைந்திருப்பினும் புதுக்கட்டடம் ஒன்று எழுந்திருக்கக் கூடுமேயன்றிப் பழந்தலம் மீண்டிராது.

பின்னல் நகரும் சாய நீரும்

நிற்க. திருப்பூரின் அண்மைக்கால வரலாற்றுக்கு வருவோம். நூல் நூற்றலும் நெய்தலும் கொங்குநாட்டின் பழந்தொழில்கள். 1920-களிலும் 1930-களிலும் பின்னலாடைத் தொழில் இந்நகரில் வேரூன்றியது. 1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் கோவை வட்டாரத்து ஆலைகள் பெருகின. பின்னர் ஏற்றுமதி வளர்ந்தது. வறண்ட நிலத்து உழவர் பலர் தொழிலதிபராயினர். வெளியூரினின்றும் வெளிமாநிலங்களினின்றும் வந்த தொழிலாளர் இலட்சக்கணக்கில் இந்நகரைத் தம் வாழ்வாக்கிக் கொண்டனர். இன்று இவ்வட்டாரத்துக் கோயில்களில் எழும் இராசகோபுரங்கள் பலவற்றில் இத்தொழிலின் பொருள் கலந்துள்ளமை அனைவரும் அறிந்ததே.

அப்பொருள் வந்த வழியிலே ஆறு அடைந்த துன்பத்தையும் கூறாது விடுதல் முறையன்று. வெளுப்பும் சாயமும் மிகுந்த நீரை வேண்டுவன. வேண்டிய நீரை உப்பும் நிறமும் ஏற்றித் திருப்பித் தருவன. அந்நீர் நொய்யலில் விடப்பட்டது. சென்னிமலைக்கு அண்மையில் 1992-இல் பாசனத்திற்கென முடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவின் தேக்கமாயிற்று. அந்நீரால் நிலம் உவர்ந்தது. கிணறுகள் குடிக்க ஒவ்வாதனவாயின. கீழ்ப்பகுதி உழவர் நீதிமன்றத்தை நாடினர். பல ஆண்டு வழக்கிற்குப்பின், 2011 சனவரி 28-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயத் தொழிலகங்களை மூட ஆணையிட்டது. ஏறத்தாழ 700 தொழிலகங்கள் நின்றன. அவற்றைச் சார்ந்த பின்னல், தையல், சலவை, ஏற்றுமதி ஆகிய அனைத்தும் தடுமாறின. வீரராசேந்திரன் காலத்தில் கல்லில் வெட்டிய அறத்தை, கீழோர் பங்குக்குக் கேடு செய்யலாகாது என்பதனை, நாம் மறந்தமையால் நேர்ந்த விளைவு அது.

அடியோடு வீழ்ந்ததா எனின், இல்லை. கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறாத முறை அமைக்கப்பட்டது. சாயநீரைத் தூய்மை செய்து, நுண்சவ்வுகளின் வழியே அழுத்தி வடித்து, எஞ்சியதைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, நீரையும் உப்பையும் மீட்டு மீண்டும் சாயத்திற்கே பயன்படுத்துவது அம்முறை. இதற்குச் செலவு மிகுதி. மின்சாரமும் மிகுதியாக வேண்டும். ஆயினும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் வாயிலாகத் தொழில் மீண்டும் எழுந்தது. நெருக்கடி ஒன்றினால் திருந்தி எழுந்த அமைப்பு முன்னினும் உறுதியாகும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஆறு பட்ட புண் முற்றும் ஆறிவிடவில்லை என்பதனையும் உடன் கூறுதல் கடன்.

அதே 2011-ஆம் ஆண்டு நவம்பரில் திருப்பூரில் பெருமழை பெய்தது. ஜம்மனை ஓடை கரைபுரண்டு, ஓரத்தில் இருந்த எளியோர் குடியிருப்புகளை அடித்துச் சென்றது. உயிர்கள் பல மாண்டன. ஆண்டு முழுதும் வறண்டு கிடக்கும் ஓடை தன் வழியை மறப்பதில்லை. குப்பை கொட்டியும் வீடு கட்டியும் நாம்தாம் அதனை மறந்தோம். கலிங்கை அடைத்துவிட்டுக் குளம் உடைந்தது என வருந்துவதனோடு இது ஒக்கும்.

இணைப்பின் நன்மையும் அச்சமும்

உள்ளூர் நீர் போதாதாகவே, தொலைவிலிருந்து நீர் கொணரும் முயற்சிகள் நிகழ்ந்தன. மேட்டுப்பாளையத்தினின்று பவானி நீர் வந்தது. அடுத்து, பவானி நகருக்கு அண்மையில் காவிரியினின்று நாளொன்றுக்கு 185 மில்லியன் லிட்டர் நீர் எடுத்து, தொழிலகங்களுக்கும் ஊர்களுக்கும் வழங்கும் திட்டம் 2005, 2006 ஆகிய ஆண்டுகளில் இயங்கத் தொடங்கியது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 60 விழுக்காட்டிற்கு மேல் குறைந்தபோது, இத்தகைய திட்டங்கள் இல்லையாயின் நகரங்களின் நிலை என்னாகியிருக்கும் என்பதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இணைப்பினால் நன்மை உண்டு, அச்சமும் உண்டு. 2012 சூலை 30, 31 ஆகிய நாள்களில் வட இந்திய மின்தொகுப்பு சரிந்தது. இரண்டாம் நாளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் மூன்றும் வீழ்ந்து, ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பு மின்னொளி இழந்தது. தென்னகத் தொகுப்பு அப்போது அவற்றொடு ஒரே இசைவில் இணையாதிருந்தமையால் தமிழ்நாடு தப்பியது. 2013 திசம்பர் 31-இல் தென்னகமும் நாட்டின் பொதுத் தொகுப்பில் இணைந்தது. இதனால் பற்றாக்குறைக் காலத்தில் பிற மாநிலத்து மின்சாரம் பெறும் வாய்ப்பு மிகுந்தது. பிறர் வீழ்ச்சி நம்மையும் தொடும் வாய்ப்பும் உடன் வந்தது. எனவே இணைந்திருத்தலும் வேண்டும். இணைப்பு அறுந்த நாளில் தனித்து நிற்கும் ஆற்றலும் வேண்டும். குளத்தொடர் இவ்விரண்டையும் உடையது. நீர் பெறுங்கால் அது தொடர். கரை காக்குங்கால் ஒவ்வொன்றும் தனி.

அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் இவ்விரு நெறிகளையும் ஒன்றாக்கியது எனலாம். பல பத்தாண்டுகளாக மக்கள் வேண்டிநின்ற இத்திட்டம் 2024 ஆகஸ்டு 17-இல் தொடங்கிவைக்கப் பெற்றது. காலிங்கராயன் அணைக்கட்டின் கீழ்ப்புறத்தினின்று பவானியின் உபரிநீர் ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. எடுக்கப்பட்டு, ஆறு நீரேற்று நிலையங்களின் வழியே மேடேற்றப்பட்டு, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 ஏரி, குளம், குட்டைகளை நிரப்புதல் இதன் நோக்கம். புதிய குழாய்களும் எந்திரங்களும் முடிவில் நீரைக் கொண்டுசேர்ப்பது முன்னோர் வெட்டிய பழங்குளங்களிலேயே. அக்குளங்கள் தூர்ந்தும் கரை சிதைந்தும் கிடந்தால் இத்துணை முயற்சியும் என்ன பயன் தரும்?

குடமுழுக்கு உணர்த்தும் நெறி

இனி, நம் விழாவின் உட்பொருளை நோக்குவோம். மூலவரைப் பீடத்தொடு பிணைக்கும் அட்டபந்தன மருந்து கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என எட்டுப் பொருளாலாயது. இடித்து இளக்கிச் சாத்தும் அம்மருந்து காலம் செல்லச் செல்லப் பிடிப்பு இழக்கும். ஆதலால் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பித்தல் மரபாயிற்று. கருங்கல்லாலாய கோயிலும் பேணாவிடில் நில்லாது என்பதனை ஆகம நெறி வெளிப்படையாக ஏற்றுக்கொள்கின்றது. பழுது நேர்ந்தபின் வருந்துவதன்று அந்நெறி; பழுது நேருமுன் நாள் குறித்துப் புதுக்குவது. கோபுரக் கலசத்துள் இட்ட வரகினையும் அப்போதே மாற்றுகின்றனர்.

பாலாலயம் என்னும் வழக்கு இதனினும் நுண்ணியது. திருப்பணி நடக்குங்கால் மூலத்தானத்தின் அருளாற்றலைக் குடத்திலோ படத்திலோ எழுந்தருளச் செய்து, இளங்கோயிலில் வைத்துப் பூசை நிகழ்த்துவர். கோபுரம் சாரத்தால் மூடுண்டிருக்கும், கருவறை அடைத்திருக்கும், ஒரு வேளைப் பூசையும் தவறாது. பெரிய அமைப்பு நின்றிருக்கும் காலத்தில் சிறிய அமைப்பொன்று அதன் தொழிலை ஏற்று நடத்த வேண்டும் என்பதும், அதனை முன்னரே ஆயத்தம் செய்தல் வேண்டும் என்பதும் இதனால் விளங்கும். குழாய் உடைந்த நாளில் ஊர்க்கிணறும், மின்சாரம் நின்ற நாளில் மருத்துவமனையின் மாற்று மின்னாக்கியும், ஆறு வறண்ட ஆண்டில் குளத்தடி ஊற்றும் அத்தகைய இளங்கோயில்களே. இளங்கோயில் அமைக்காமல் மூலத்தானத்தில் உளி வைக்கும் தபதி இல்லை. ஊர்க்கிணற்றைத் தூர்த்துவிட்டுக் குழாய் நீரையே நம்பும் ஊர்கள் பல உள.

அன்பர்க்கு ஒரு விண்ணப்பம்

திருப்பூருக்கு அருகே சர்க்கார் பெரியபாளையத்தில் பழைமை வாய்ந்த சுக்கிரீசுவரர் திருக்கோயில் உள்ளது. அதனை அடுத்து, நல்லாற்றின் நீரைத் தாங்கும் நஞ்சராயன் குளம் ஏறத்தாழ 310 ஏக்கர் பரப்பில் விரிந்துள்ளது. பல நூற்றாண்டுகளுக்கு முன் இதனைச் சீர்திருத்திய நஞ்சராயன் என்னும் மன்னன் பெயரால் இது வழங்குகின்றது என்பர். தமிழக அரசு இதனைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் இது உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் பட்டியலாகிய ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. வெட்டியவன் பெயர் மறைந்துபோக, பழுது பார்த்தவன் பெயர் நின்றது என்பது இவ்வரலாறு தரும் படிப்பினையாகும்.

புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு உரைத்த அறிவுரையும் இதுவே. மறுமை இன்பமும் வெற்றியும் அழியாப் புகழும் வேண்டுவையாயின் நீர்நிலை பெருக்குக என்பது அப்புலவர் கருத்து. மன்னர்க்குக் கூறிய அவ்வறம் இன்று பொருளுடையார் அனைவர்க்கும் உரியது.

ஆதலின், திருப்பணிக்கு வாரி வழங்கிய புரவலர்க்கு எளியேன் செய்யும் விண்ணப்பம் ஒன்றுண்டு. கோபுரத்திற்குக் கொடுத்த கை, கோயிற்குளத்தின் கலிங்கிற்கும் சிறிது கொடுக்க. அடுத்த குடமுழுக்கு வருமுன் ஒவ்வோர் ஆண்டும் கோடையில் வரத்து வாய்க்காலைத் தூர் வார ஏற்பாடு செய்க. ஓடையின் வழியில் எதனையும் கட்டாதிருக்க. தம் தொழிலகத்தின் கழிவு கீழூரார் கிணற்றைத் தொடாதிருக்கக் காவல் செய்க. மதகின் பெயரும், நீர் செல்லும் வழியும், பங்கின் முறையும் அறிந்த முதியோர் இன்னும் சிலர் உளர். அவர்தம் அறிவை இளைஞர் எழுதி வைத்துக்கொள்க. இவற்றில் எதற்கும் கல்வெட்டு வைப்பார் இல்லாமற் போகலாம். ஆயினும் மழை பொய்த்த ஆண்டில் ஒரு கிணற்றில் நீர் ஊறுமாயின் அதுவே போதிய கல்வெட்டாகும்.

கும்பநீர் கலசத்தின்மேல் வழியும் அந்நன்னாளில், அந்நீர் நொய்யற் கரையின் குளங்கள்தோறும் நிறைவதாகுக. எல்லாம்வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாகுக.